நெற்றியிலிருந்து வகிடு வரை

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடம். பிராக் நகரத்துப் பழைய சதுக்கத்தில் வெப்பநிலை ஆறு பாகை. மழை என்று சொல்ல இயலாத, ஆனால் மூக்குக்கண்ணாடியை அடிக்கடி துடைக்க வைக்கிற ஒரு நீர்ப்பொடி காற்றில் விழாமல் நின்றுகொண்டிருக்கிறது. நேரத்தையும் வெப்பத்தையும் முதலில் குறித்துக்கொள்வது என் தொழிலின் பழக்கம். இருபத்தெட்டு ஆண்டுகளாகத் திருநெல்வேலியில் ஒரு பெண்கள் கல்லூரியின் இயற்பியல் செய்முறைக்கூடத்தில் நின்று, எதை அளப்பதற்கு முன்பும் அறையை அளந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவந்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி என்னால் ஓர் இடத்துக்கு வெறுமனே வந்து சேரவே முடியாமல் போய்விட்டது. வழிகாட்டியின் பெயர் ஹனா. மடக்கிய மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். எங்கள் நால்வருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆளுக்கொரு சிறு பெட்டியும் காதில் செருகிக்கொள்ளும் பொத்தானும் கொடுத்திருக்கிறாள். அவள் பத்தடி முன்னால் நடந்தாலும் அவள் குரல் எங்கள் காதுக்குள் நடக்கும். பெட்டியின் ஓரத்தில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு சக்கரம். சக்கரத்தில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண்கள். நான் நான்கில் வைத்தேன். எனக்குப் பின்னால் அண்ணன், மதினியைப் பார்த்து, "நீ போட்டிருக்க சட்டைக்குள்ள இன்னும் மூணு பேர் குளிர் காயலாம் போலிருக்கே" என்கிறார். "காயட்டும், உங்களுக்கு இடம் கெடையாது" என்கிறாள் வடிவு மதினி. என் மகள் நித்திலா சிரிக்கிறாள். நான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் வேலை பார்க்கிறவள், எங்களுக்காக இன்று விடுப்பு எடுத்து, பார்த்துச் சலித்த ஊரை மறுபடி பார்க்க எங்களோடு நடக்கிறாள். அவளுடைய சிரிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டு வருகிறது, வேடிக்கை முடிவதற்குள். மூன்று நாட்களாக இதைக் கவனிக்கிறேன். கவனித்து என்ன செய்ய. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். கல்யாணம் நிச்சயமான பெண் எதற்கும் முன்கூட்டியே சிரிப்பாள் என்று எழுதிக்கொண்டேன், மனத்துக்குள்தான்.

தை பன்னிரண்டு. நான்கு மாதத்துக்கு முன்பே மண்டபம் பேசியாயிற்று. அந்த மண்டபத்தின் மேடையை நான் எத்தனை முறை மனத்தில் ஏறி இறங்கியிருப்பேன், படிகள் ஐந்து, இடப்பக்கம் கைப்பிடி கிடையாது. பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்து, பெற்றவள் தண்ணீர் ஊற்ற, பெற்றவன் ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம்; தாரை வார்ப்பது என்போம். பெற்றவன் இல்லாத வீட்டில், பெற்றவள் உயிரோடு நின்றாலும், தாய்மாமனும் அவர் மனைவியும் அதைச் செய்வார்கள். பெற்றவள் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துகொள்வாள். கணவனை இழந்தவளின் கையிலிருந்து விழும் தண்ணீர் பெண்ணின் வாழ்வின்மேல் விழும் என்று ஒரு பயம். நித்திலாவின் அப்பா போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பதினோரு ஆண்டுகளில் நான் எதற்கும் வாதாடியதில்லை. போன மாசி மாதம், அண்ணன் வீட்டில், காபி ஆறிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: என் மகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். மதினி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பகவதி, ஊரு என்ன சொல்லும்ங்கிறத விடு. பிள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா உன் மனசே உன்னத் திங்குமே" என்றாள். அன்போடுதான் சொன்னாள், அவளிடம் அன்பில்லாத பேச்சே கிடையாது. நித்திலாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "உன் இஷ்டம்தாம்மா, நீதான் ஊத்தணும்" என்றாள், உடனே, இடைவெளியே இல்லாமல். மதினி மட்டும் மூன்று வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பங்குனியில் அவர்கள் இருவரும் காசிக்குப் போனார்கள், பன்னிரண்டு நாள். திரும்பி வந்த மறுநாளே மதினி என் வீட்டுக்கு வந்து, அடுக்களை வாசலில் நின்று, "நீயே ஊத்து பகவதி. பெத்தவ கையை விட ஒசந்த கை உண்டா" என்றாள். காசி மனிதர்களை மாற்றும் என்று நினைத்தேன். அவள் போன பிறகு அழுதேன். அதற்கடுத்த ஞாயிறு, மூக்கு வைத்த வெண்கலக் கிண்டி ஒன்றைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, வாளிக்கு மேல் ஊற்றிப் பார்த்தேன். நீர் மெல்லியதாக, அறுபடாமல், நடுங்காமல் விழ வேண்டும். இருநூறு மில்லி, பதினான்கு விநாடி. அன்றிலிருந்து, ஞாயிறுதோறும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அன்று. சொன்னால் அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரிந்துவிடும் என்பதால்.

ஹனா எங்களைத் தீன் தேவாலயத்துக்குள் அழைத்துப் போகிறாள். உள்ளே வெளியை விடக் குளிர். கல் பல நூற்றாண்டுகளின் குளிரைச் சேமித்து வைத்து, வருகிறவர்களுக்கு அளந்து கொடுக்கிறது. புகைப்படம் எடுக்கக் கூடாது. வலப்பக்கத் தூணருகே சிவந்த கல்லில் ஒரு மனிதன், இடுப்பில் வாள், ஒரு கையை ஓர் உருண்டையின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறான். டைக்கோ பிராஹே, என்கிறது காதுக்குள் ஹனாவின் குரல், தொலைநோக்கி வருவதற்கு முன்பே வெறும் கண்ணால் வானத்தை அளந்தவர். நான் அந்தக் கல்லின் முன் நின்றுவிட்டேன். இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிய பெயர் இங்கே தரைக்குக் கீழே படுத்திருக்கிறது. அவர் விட்டுச்சென்ற அளவுகளை வைத்துக்கொண்டு கெப்ளர் செவ்வாயின் பாதையை வட்டமாகப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது, எட்டு நிமிடக் கோணம் மட்டும் இடித்தது. ஒரு பாகையில் ஏழரையில் ஒரு பங்கு. வேறு யாராக இருந்தாலும் கண் பிழை என்று விட்டிருப்பார்கள். ஆனால் அளந்தவர் அப்படிப் பிழை செய்கிறவர் அல்லர் என்று தெரிந்ததால் கெப்ளர் வட்டத்தையே தூக்கிப் போட்டார். இந்த இடம் வரும்போது வகுப்பில் என் குரல் சற்று ஏறும். மாணவிகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். சிறு வித்தியாசத்தை மதியுங்கள், பிள்ளைகளே, அது உங்களை அவமதிக்க வரவில்லை. "என்ன பகவதி, கண்ணு கலங்குது? செத்தவரு சொந்தக்காரரா?" என்று மதினி தோளைத் தொட்டாள். "ஒருவகையில்" என்றேன். அவள் பீடத்தின் முன் போய்க் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லா ஊரிலும் ஒரே சாமிதான். வெள்ளிக்கிழமை என்றால் எந்தச் சாமியையும் விடமாட்டாள்.

வெளியே வரும்போது பதினொன்றுக்கு ஆறு நிமிடம். நகர மன்றக் கோபுரத்தின் அடியில், அந்தப் பழைய கடிகாரத்தின் முன், ஐந்நூறு பேராவது முகத்தை உயர்த்திக் காத்திருக்கிறார்கள். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சன்னல்கள் திறக்கும், சீடர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து போவார்கள், கடைசியில் சேவல் கூவும் என்று ஹனா சொல்லிக்கொண்டிருக்கிறாள். மதினி கைப்பையிலிருந்து வெள்ளிச் சிமிழை எடுத்தாள். காந்திமதியம்மன் குங்குமம். அந்தச் சிமிழின் பாதையை நான் அறிவேன். பதினோரு ஆண்டுகளாக அது திறக்கும்போதெல்லாம், எந்த அறையில் இருந்தாலும், அது யாரிடமிருந்து யாரிடம் போகிறது, எந்த இடத்தில் என்னைத் தாண்டுகிறது என்று என் கண் தன் போக்கில் பின்தொடரும். தாண்டும்போது மதினி கொஞ்சம் வேகமாகத் தாண்டுவாள், என்னை நோகடிக்கக் கூடாது என்று. என் நெற்றியில் நானே ஒட்டிக்கொண்ட கறுப்புப் பொட்டு இருக்கிறது. ஆனால் சிமிழ் என்பது வேறு. அவள் தன் நெற்றியில் வைத்தாள், பிறகு வகிட்டில், பிறகு விரலைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டுத் தாலியில். பிறகு நித்திலாவின் பக்கம் திரும்பினாள். மணி அடித்தது. ஐந்நூறு முகமும் மேலே பார்த்தன. மதினியின் மோதிர விரல் நித்திலாவின் நெற்றியைத் தொட்டது. தொட்டு, அங்கே நிற்காமல், ஓர் இமைப்பில் மேலேறி, வகிட்டின் தொடக்கத்தைத் தொட்டது. கல்யாணமாகாத பெண்ணுக்கு நெற்றியோடு நிறுத்துவார்கள். நித்திலாவின் வலது கை மேலங்கியின் கழுத்துக்குள் போனது. இரண்டு விரல்கள் உள்ளே எதையோ தேடிப் பிடித்து, பிடித்த பிறகு தங்களை உணர்ந்து, அப்படியே நின்றன. குங்குமம் வாங்கிக்கொண்ட சுமங்கலியின் கை போகிற இடம் அது. மதினியின் கண் நித்திலாவின் கையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் அதற்குள் முகத்தை உயர்த்தியிருந்தேன். சீடர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவர் கையில் சாவி, ஒருவர் கையில் புத்தகம். எண்ணினேன். பன்னிரண்டு பேர். சேவல், ஒரு துருத்தியின் கடைசி மூச்சைப் போலக் கூவியது. கூட்டம் சிரித்துக் கைதட்டியது; நானும் கைதட்டினேன்.

நெற்றியிலிருந்து வகிடு வரை மூன்று அங்குலம் இருக்கும். கைப்பழக்கம் என்று விட்டுவிடலாம். மதினி நாற்பது ஆண்டாக எத்தனையோ பெண்களுக்கு வைத்திருப்பாள், விரல் தானாக ஏறியிருக்கும். ஆனால் நித்திலாவின் கை? அவளுக்கு ஏது பழக்கம்? ஒரு வழக்கம் கையில் ஊறுவதற்கு எத்தனை வெள்ளிக்கிழமை வேண்டும்? என் மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் இரண்டாவது விஷயம் சுழிப்பிழை. கருவியின் இரு தாடைகளும் ஒன்றையொன்று தொட்டிருக்கும்போதே அது பூஜ்யத்தைக் காட்டாமல் வேறெதையோ காட்டினால், அதைக் கண்டுகொண்டு, எடுத்த ஒவ்வோர் அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். ஹனா முன்னால் நடக்கிறாள், இந்தக் கடிகாரத்தைச் செய்தவனின் கண்ணைப் பிடுங்கிவிட்டதாக ஒரு கதை உண்டு என்கிறாள், நான் பின்னால் நடந்துகொண்டே கழிக்கிறேன். இங்கே வந்த முதல் நாள் நித்திலாவின் குளியலறையில் என் கை சுட்டுவிட்டது. அங்கே குழாயின் கைப்பிடியை யாரோ மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள், குளிர் பக்கம் திருப்பினால்தான் வெந்நீர். எனக்கடுத்துப் போன மதினி சுடாமல் குளித்துவிட்டு வந்தாள். காசிக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு காயை விட்டுவிட்டு வருவார்கள், பிறகு ஆயுளுக்கும் அதைத் தின்பதில்லை. மதினி புடலங்காயை விட்டேன் என்றாள். ஆனி மாதம் என் வீட்டில் புடலங்காய்க் கூட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். மறந்திருப்பாள் என்று நினைத்து, அவளுக்கு நினைவூட்டி வெட்கப்பட வைக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். மாப்பிள்ளை கௌசிக் நித்திலாவின் அலுவலகத்திலேயே வேலை பார்ப்பவன், ஆடியில் சென்னையில் பார்த்தேன், எனக்குப் பிடித்தது. நாங்கள் வரும் இந்த வாரமாகப் பார்த்து வேறு நாட்டுக்கு வேலையாகப் போயிருக்கிறான். நான் துவைக்கட்டுமா என்று கேட்ட துணிக்கூடையை நித்திலா பிடுங்கிக்கொண்டாள். தனித்தனியே எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே அளவு இடிக்கிறது.

மதிய உணவில் நித்திலா எனக்கு உருளைக்கிழங்கு வடிசாற்றை ஆற்றிக் கொடுத்தாள். மேலங்கியைக் கழற்றவில்லை. உணவகத்தின் உள்ளே இருபத்துமூன்று பாகை இருக்கும். அண்ணன் கூடச் சட்டையைத் தளர்த்திக்கொண்டார். "கழட்டேன் நித்திலா, வேர்க்கும்" என்றேன். "இல்லம்மா, எனக்குக் குளிருது" என்றாள். அவள் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. பொய்யைச் சோதிப்பதற்காகக் கேட்கவில்லை, வேர்க்கும் என்றுதான் கேட்டேன். ஆனாலும் விடை வந்துவிட்டது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏதோ இருக்கிறது என்பது வரை சரி. எப்போது, எங்கே, யார் முன்னால், யார் கையால். அந்தக் கடைசிக் கேள்வியை என் மனம் ஒவ்வொரு முறையும் தொடும் தூரம்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறது, பல்லிடுக்கில் எதையோ தேடும் நாக்கைப் போல. வெளியே வந்து காதுப் பொத்தானை மறுபடி செருகிக்கொண்டபோது ஹனாவின் குரலைத் தாங்க முடியவில்லை. ஓர் அரசன், இன்னோர் அரசன், ஒரு தீ விபத்து. சக்கரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். காதில் பொத்தான், உள்ளே நிசப்தம். பார்க்கிறவர்களுக்கு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. அதை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

சார்லஸ் பாலத்தின்மேல் காற்று ஆற்றிலிருந்து ஏறி வருகிறது. இருபுறமும் கறுத்துப்போன கற்சிலைகள். "பாலத்துக்கு மட்டும் முப்பது சாமி, ஒரு சாமிக்காவது ஒரு வேட்டி கெடையாது" என்று மதினி சொல்வது பின்னால் கேட்டது, அண்ணன் சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. தாழ்ந்த குரலை நம் காது ஏன் கூடுதலாகக் கேட்கிறது? "பகவதி பாத்துட்டா" என்றாள் மதினி. "கை தெரியாம வகுட்டுல வச்சிட்டேன். அவ மூஞ்சியே சரியில்ல." "அம்மா பாக்கல அத்தே. மேலதான் பாத்துக்கிட்டிருந்தா. இப்பவும் காதுல அந்தப் பொம்பள பேசிக்கிட்டுதானே இருக்கா, நம்ம பேசுறது கேக்காது." "நீ ஏம்ட்டி கழுத்துக்குக் கையக் கொண்டு போன?" "பழக்கத்துல போயிட்டு. பங்குனியில தாலி கட்டுன அன்னையில இருந்து நீங்கதானே வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போன் போட்டுச் சொல்லுதீங்க, தாலிக்கு வை, தாலிக்கு வைன்னு." அண்ணன், "ரெண்டு பேரும் வாய மூடிட்டு வாங்க" என்றார். "தையில அவ ஆசப்பட்டபடியே தண்ணிய ஊத்திட்டுப் போட்டும். அவளுக்கும் நெறவு, நமக்கும் பயமில்ல. நெச முகூர்த்தம்தான் அன்னிக்கே முடிஞ்சிட்டே, நானும் இவளும் தாரை வார்த்தாச்சே." நான் நடந்துகொண்டிருந்தேன். கால் கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. மதினி சொன்னாள்: "தெரிஞ்சா என்னட்டி சொல்லுதது? மாப்பிள்ள வீட்டுல கேட்டாங்கன்னு சொல்லிருவமா?" பிறகு நித்திலா, "அவங்க கேக்கலையே அத்தே. கௌசிக்கோட அம்மா, உங்கம்மாவே ஊத்தட்டும்னுதான் சொன்னாங்க. நான்தானே பயந்துபோயி உங்கள வரச் சொன்னேன்" என்றாள். பிறகு, "அம்மா பாவம்" என்றாள்.

ஹனா ஒரு சிலையின் முன் நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள், ஒலியில்லாத வாய். நெபொமுக் என்ற பாதிரியார். எனக்கு இந்தக் கதை தெரியும், வருவதற்கு முன்பே படித்தேன். படிக்காமல் எந்த இடத்துக்கும் போகிறவள் அல்லள் நான். அரசி தன்னிடம் சொன்ன ரகசியத்தை அரசனிடம் சொல்ல மறுத்ததால் அவரைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தார்களாம். சிலையின் அடியில் வெண்கலப் பலகை, அவர் விழுகிற காட்சி. அந்த ஓரிடம் மட்டும் லட்சக்கணக்கான கைகள் தடவித் தடவிப் பொன்னாக மின்னுகிறது. தொட்டால் இந்த ஊருக்குத் திரும்பி வருவார்கள் என்பது நம்பிக்கை. மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் உள்ளங்கை முழுவதும் பதியத் தொட்டாள். காசி என்று சொல்லி இங்கே வந்த பங்குனியிலும் தொட்டிருப்பாள், அதனால்தான் திரும்பி வந்திருக்கிறாள். இந்த நினைப்பில் எனக்குச் சிரிப்பு வந்தது, வந்தது பயமாக இருந்தது. அவள் என்னருகே வந்து, என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "என்ன சொல்லுதா பகவதி அந்தப் பொம்பள? எனக்கு இங்கிலீசு ஓட்டமா வந்தாப் பிடிபடல" என்று கேட்டாள். கேள்வி அது அன்று. நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் கேள்வி. "பாலம் கட்டுகிறபோது சுண்ணாம்பில் முட்டை கலந்தார்களாம். ஊர் ஊராக வண்டியில் முட்டை வந்ததாம்" என்றேன். அதுவும் படித்ததுதான். "முட்டையா? அதான் இப்படி நிக்குது" என்றாள் மதினி, நெஞ்சு லேசாகி. அவள் நித்திலாவைத் திரும்பிப் பார்த்துக் கண்ணால் ஒன்று சொன்னாள். சோதனையே செய்யாமல், பக்கத்து மேசைப் பெண்ணின் குறிப்பைப் பார்த்து அளவுகளை நிரப்பிவிட்டு, பிறகு கருவியின் முன் வந்து பவ்வியமாக நிற்கும் மாணவிகளை நான் எப்போதும் கண்டுபிடித்துவிடுவேன். அவர்களின் எண்கள் அளவுக்கு மீறிச் சரியாக இருக்கும். என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்காத ஒன்றைக் கேட்டதாகச் சொன்னேன். எவ்வளவு எளிதாக இருந்தது. அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?

கோட்டைக்கு ஏறும் படிகளை எண்ணத் தொடங்கி, ஐம்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். நித்திலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள், "மெதுவாம்மா, வழுக்கும்." அந்தப் பிடியில் எந்தப் பொய்யும் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. எனக்கு ஒரு கல்யாணத்தைத் தயாரித்திருக்கிறார்கள். மண்டபம் நிஜம், இலை நிஜம், நாதஸ்வரம் நிஜம். நடுவில் நான் ஊற்றப் போகிற தண்ணீர் மட்டும் எதன்மேலும் விழாது. குழந்தை அடுப்பங்கரைக்கு வந்து அடம்பிடித்தால் காலிச் சட்டியும் கரண்டியும் கொடுப்போமே, அப்படி. பதினான்கு விநாடி. அதை அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அண்ணன் நெகிழ்வார், மதினி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், நித்திலா முந்திக்கொண்டு சிரிப்பாள். ஊர் கேட்டிருந்தால் ஊரை வெறுத்திருப்பேன். சம்பந்தி கேட்டிருந்தால் சம்பந்தியை. இவள் பயந்திருக்கிறாள். புள்ளிவிவரத்தில் முதுகலை படித்தவள், நிகழ்தகவு என்றால் என்ன என்று பத்து வயதில் என்னிடம் சோழி உருட்டிக் கற்றுக்கொண்டவள், என் கையைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். இந்தக் கைதான் காய்ச்சலில் பற்றுப் போட்டது. எங்கே கற்றாள் இதை? நான் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று நினைத்து, அந்த நினைப்பு முடிவதற்குள் ஒரு காலை நேரம் வந்து நின்றது. அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. அப்பா போய் ஐந்தாவது மாதம். அவள் கிளம்பும் நேரம், நான் எதிரில் வரக் கூடாது என்று அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே போனேன். "அம்மா, வாரேன்" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது. "போயிட்டு வா" என்று கதவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும், ஒவ்வொரு நேர்காணலுக்கும், விமான நிலையத்துக்குக் கிளம்பிய அன்றும் கூட. அவள் ஒவ்வொரு முறையும் அந்தச் சாத்திய கதவைப் பார்த்திருக்கிறாள். வாயால் சொன்னதை அவள் மறந்திருக்கலாம், செய்முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அப்படியானால் சுழிப்பிழை கருவியிலேயே, என்னிலேயே இருந்தது. இருந்தாலும். இருந்தாலும், என்று கால் அடுத்த படியை வைக்கிறது. கதவைச் சாத்தியது நான்தான். ஆனால் அவள் ஒருநாளாவது அதைத் தட்டியிருக்கலாம். பயமாக இருக்கிறதம்மா என்று என்னிடமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானே தூணுக்குப் பின்னால் போயிருப்பேன், அது நிஜமான தூணாக இருந்திருக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஹனா ஊர் முழுவதையும் கையால் காட்டினாள், சிவப்புக் கூரைகள், நூறு கோபுரம். நான்கு மணி ஐந்து நிமிடம், ஏழு பாகை, வெயில் சற்றே எட்டிப் பார்த்தது. கழுத்துப் பெட்டிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டபோது என்னுடையதைப் பார்த்துவிட்டு, ஒலி பூஜ்யத்தில் இருக்கிறதே, உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எல்லாம் கேட்டது என்றேன். நித்திலா என் முழங்கையை விட்டாள்.

மறுநாள், சனிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம், நான்கு பாகை, மேகமில்லை. அண்ணன் கூடத்துச் சாய்வு நாற்காலியில் கைப்பேசியில் ஊர்ச் செய்தியை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார், தாமிரபரணியில் தண்ணீர் திறந்திருக்கிறார்களாம். மதினி குளித்துவிட்டு ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். கௌசிக் எங்கிருந்தோ எல்லாருக்கும் காலை வணக்கம் அனுப்பியிருந்தான். ஹனா அந்நேரம் மஞ்சள் குடையை எடுத்துக்கொண்டு வேறு நால்வரைத் தேடிக் கிளம்பியிருப்பாள். நித்திலா கண்ணாடியின் முன் தலைவாரிக்கொண்டிருந்தாள். நான் கூடத்து மேசையில் இருந்த மதினியின் சிமிழை எடுத்துத் திறந்தேன். அதன் மூடி இவ்வளவு இறுக்கமானது என்று பதினோரு ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. மோதிர விரலில் எடுத்து நித்திலாவின் நெற்றியில் வைத்தேன். பிறகு மூன்று அங்குலம் மேலேறி, வகிட்டில். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள். அவள் கை கழுத்துக்குப் போய், இந்த முறை நிற்காமல், மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்தது. நான் அதையும் தொட்டுக் குங்குமம் வைத்தேன். "அம்மா" என்றாள். "ஒருதடவை எடுத்த அளவை மறுபடி எடுக்க வேண்டாம் நித்திலா. தையிலும் உங்க அத்தையே ஊத்தட்டும்" என்றேன். அண்ணன் வாசிப்பதை நிறுத்தினார். அடுக்களைக்குள் போனேன், மதினியின் கரண்டி சட்டியில் நின்றிருந்தது, ரவை கருகத் தொடங்கும் வாசனை. அவளைத் தாண்டி, சற்று வேகமாகத் தாண்டி, குழாயைத் திறந்து, சிவந்த விரலை நீட்டினேன். நீர் மெல்லியதாக, அறுபடாமல், நடுங்காமல், என் கை வழியாக யாருடைய கையிலும் விழாமல் இறங்கிப் போனது.